பனியுக நீரோட்டத்தை அளக்க: கார்பன்-13ஆ, புரோட்டாக்டினியம்–தோரியமா?

அட்லாண்டிக்கின் ஆழ்நீரோட்டம் பனியுகத்தில் எப்போது தளர்ந்தது என்பதற்குக் கடலடிச் சேறுதான் சாட்சி. அதை இரண்டு விதமாக விசாரிக்கலாம்.

கார்பன்-13 (கார்பனின் சற்றே கனமான வகை) எளிது: ஆழ்கடல் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகளின் ஓடுகளைப் பொறுக்கி அளக்க வேண்டும். வடக்கிலிருந்து வரும் நீரில் இது கூடுதல், தெற்கு நீரில் குறைவு. எந்த நீர் அங்கே இருந்தது என்று தெரியும்; வேகம் தெரியாது. மேலிருந்து அழுகிய பாசி கொட்டினால் மதிப்பு பொய்யாகத் தாழும்.

புரோட்டாக்டினியம்-231, தோரியம்-230 இரண்டும் கடல்நீரின் யுரேனியத்திலிருந்து 0.093 என்ற கதிரியக்க விகிதத்தில் (முன்னதைப் பின்னதால் வகுத்தது) பிறக்கின்றன. தோரியம் சில பத்தாண்டுகளில் சேற்றில் படிந்துவிடும். புரோட்டாக்டினியம் நூறாண்டுக்கு மேல் நீரில் தங்கும். ஓட்டம் பலமாக இருந்தால் அது தெற்கே போய்விடும்; சேற்றில் விகிதம் குறையும். ஆகவே சேற்றில் விகிதம் 0.093-ஐ நெருங்கினால் ஓட்டம் படுத்துவிட்டது. வட அட்லாண்டிக் கடலடியிலுள்ள பெர்முடா மேட்டுச் சேற்றில் சுமார் 17,500 ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் ஏறியது. ஒரு சிக்கல்: டயாட்டம் என்ற நுண்பாசியின் ஓடுகள் (ஓப்பல் என்ற சிலிக்காவால் ஆனவை) புரோட்டாக்டினியத்தை இழுத்துக்கொள்ளும். ஓப்பல் அளவைச் சேர்த்துப் பார்க்காத விகிதத்தை நம்புவதற்கில்லை.