புடவைக்குப் படம்: மாடி ஜன்னலா, ஸ்டூடியோ லைட்டா, மாடலா?

கும்பகோணத்தில் என் அக்கா நடத்தும் புடவைக் கடை பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். திருபுவனம் பட்டு கொஞ்சம், பருத்தி நிறைய. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கடைப்படி ஏறியதே இல்லை. வாட்ஸ்அப்பில் படம் பார்த்துப் பணம் அனுப்பி, கூரியரில் வாங்குகிறவர்கள். அந்தக் கடைக்கு மூன்று வருடமாக நான்தான் படம் எடுக்கிறேன். மாடி ஜன்னல் வெளிச்சத்தில் போன், லைட்டுகளோடு வரும் போட்டோகிராபர், பழைய வீடு ஒன்றில் மாடல் வைத்து ஒரு நாள் ஷூட் என்று மூன்று வழியும் பார்த்தாயிற்று. எது நல்லது என்று கேட்கும் கடைக்காரர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: ஒரு டிசைனில் எத்தனை புடவை வைத்திருக்கிறீர்கள்?

ஒரு நாள் ஷூட்டுக்கு எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் ஆகிறது, 25 புடவை முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிசைனுக்கு 600 ரூபாய். அதே டிசைனில் பத்துப் புடவை ஸ்டாக் இருந்தால் ஒன்றுக்கு 60 ரூபாய்தான் விழும். 900 ரூபாய்ப் பருத்திப் புடவைகூட அதைத் தாங்கும். இருப்பதே ஒரு புடவை என்றால், அது விற்ற அன்றே அந்தப் படத்துக்கும் வேலை முடிந்தது. கைத்தறி விற்கும் சின்னக் கடைகளுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலைமைதான். எனவே சரக்கு முழுவதையும் மாடலுக்குக் கட்டிப் படமெடுப்பது பவர்லூம் மொத்தக் கடைக்குக் கட்டுப்படியாகும், அக்கா கடைக்கு ஆகாது.

பணத்தைவிடப் பெரிய விஷயம் நிறம். முதல் வருடம் ஒரு அம்மா போன் செய்து, “தம்பி, நான் கேட்டது வாடாமல்லி, வந்திருக்கிறது வேற ஏதோ ரோஸு” என்றார். மகள் வளைகாப்புக்கு வாங்கியது. படத்தையும் புடவையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவர் சொன்னது சரியென்று தெரிந்தது. கடையின் டியூப்லைட்டும் வாசல் வெயிலும் கலந்து விழுந்த இடத்தில் எடுத்த படம் அது. விளம்பரத்தில் காட்டிய தன்மையோடு பொருள் ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாததைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. விதி இல்லாவிட்டாலும் அந்தப் புடவையைத் திரும்ப வாங்கியிருப்போம். ஆனால் வளைகாப்பு நாள் போனது போனதுதான்.

நிறத்தை வைத்துப் பார்த்தால் ஜன்னலும் ஸ்டூடியோ லைட்டும் சம பலம் உள்ளவை, பலவீனம்தான் வேறு வேறு. பகல் வெளிச்சத்தில் எல்லா நிறமும் இருக்கிறது. மலிவு எல்இடியில் சிவப்புப் பக்கம் குறைவு; அரக்கு செங்கல்லாவது அதனால்தான். லைட் வாடகைக்கு எடுப்பவர்கள் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான, நூறு வரை போகும் மதிப்பெண்) 95க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும், எத்தனை வாட் என்பது இரண்டாவது. நல்ல லைட்டின் சிறப்பு, காலை எடுத்த படமும் மாலை எடுத்த படமும் ஒரே மாதிரி இருக்கும். ஜன்னலில் ஒரு மேகம் குறுக்கே போனாலே ஒரு புடவைக்கும் அடுத்ததற்கும் நிறம் நகர்ந்துவிடும்.

வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது என்று புகைப்படப் புத்தகங்கள் எழுதும். நம் ஊருக்கு அது வருடம் முழுவதும் பொருந்தாது. ஏப்ரல் 20 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சி வேளைச் சூரியன் கும்பகோணத்துக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் நாங்கள் தெற்கு ஜன்னலுக்கு மாறிவிடுவோம். முடியாவிட்டால் ஜன்னலில் நாலு முழ வேட்டியைக் கட்டி வெயிலை மட்டுப்படுத்துவோம். சிவப்புத் தட்டு ஓடு பதித்த மாடியில் திறந்த வெளியில் எடுப்பவர்கள் கீழே வெள்ளைத் துணி விரிக்க மறக்கக் கூடாது. ஓட்டின் சிவப்பு புடவையின் அடிப்பகுதியில் ஏறிக்கொள்ளும். பச்சை, ரோஸ் சுவர்களும் இதே வேலையைச் செய்யும். ஆனால் போனில் வெள்ளைச் சமநிலையை (எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டும் ஒயிட் பேலன்ஸ்) பூட்டும்போது சொட்டு நீலம் போட்ட வேட்டியைக் காட்டிவிடாதீர்கள். அது நம் கண்ணுக்குத்தான் வெள்ளை, கேமராவுக்கு நீலம். அதற்கென்றே விற்கிற சாம்பல் நிற அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

ஜரிகையில் ஸ்டூடியோ லைட்தான் முன்னால் நிற்கிறது, சந்தேகமே இல்லை. லைட்டைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால் ஜரிகையின் இழை ஒவ்வொன்றும் எழுந்து தெரியும். ஜன்னலை நகர்த்த முடியாது. புடவையைத்தான் திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். மயில் கழுத்து மாதிரி இரட்டை நிறப் பட்டில் இரண்டு வழியுமே தோற்கும். பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம் என்பதால் பார்க்கும் கோணத்துக்கு ஒரு நிறம் காட்டும் துணி அது. ஒற்றைப் படம் அதில் ஒன்றைத்தான் சொல்லும். கையில் பிடித்து அசைத்துப் பத்து விநாடி வீடியோ எடுப்பதே அதற்கு வழி.

அந்த வாடாமல்லிக்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். நம் புடவை நிறங்களின் பெயரெல்லாம் கண்ணால் கண்ட பொருள்களின் பெயர்கள்: பாக்கு, மாந்துளிர், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள். வாடாமல்லிப் புடவையின் ஓரத்தில் நிஜ வாடாமல்லிப் பூ நாலு வைத்து எடுத்தேன். அடர்ந்த நிறங்களை போன் வெளிறக் காட்டும் என்பதால் வெளிச்ச அளவையும் கொஞ்சம் இறக்கினேன். பார்ப்பவரின் திரை எப்படி இருந்தாலும் பூவின் நிறம் அவருக்குத் தெரியும். அதோடு ஒப்பிட்டுப் புடவையைப் புரிந்துகொள்கிறார். அலங்காரத்துக்காகக் குத்துவிளக்கு, உருளி, ஊஞ்சல் என்று அடுக்குவதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. படத்தில் வைக்கும் பொருள் புடவையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும்.

இனி எதில் போட்டுக் காட்டுவது என்பது. மரப்பலகையில் மடித்து வைத்தால் சீக்கிரம் முடியும், நெசவும் தெளிவாகத் தெரியும். உடுத்தினால் எப்படி விழும் என்பது தெரியாது. கடைப் பொம்மைக்குக் கட்டினால் கரையின் உயரமும் முந்தியின் நீளமும் புரியும். ஆனால் மொடமொடவென்ற பருத்தியில் கொசுவம் விறைத்து நின்று, புடவை இருப்பதைவிடக் கனமாகத் தெரியும். மாடல் உடுத்தி நடந்தால் துணி உயிரோடு இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் அக்கா கடைக்குப் புதியவர்களைக் கொண்டுவந்தவை அந்தப் பழைய வீட்டுப் படங்கள்தான். வாங்கும் முடிவை எடுக்க வைத்தவை மடிப்புப் படங்கள். “பின்பக்கம் ஒரு போட்டோ அனுப்புங்க” என்று கேட்காத கைத்தறி வாடிக்கையாளர் குறைவு.

இப்போது நாலாவதாக ஏஐ வந்திருக்கிறது. மடிப்புப் படம் கொடுத்தால் ஒரு பெண் அதை உடுத்தி நிற்பது போலப் படம் தருகிறது. செலவு சொற்பம். நான் முயன்று பார்த்தபோது கரையில் இருந்த யாளி அன்னமாக மாறியது, உடலில் புட்டாக்களின் இடைவெளி மாறியது, முந்தி வேறொரு புடவையினுடையது. நாள்கணக்கில் தறியில் உட்கார்ந்து ஒருவர் நெய்த புடவைக்குப் பதில் இல்லாத புடவையைக் காட்டுவது அது. பின்னணியைச் சுத்தம் செய்ய மட்டும் பயன்படுத்துகிறேன், துணியின் மேல் கைவைக்க விடுவதில்லை.

அமேசான் போன்ற தளங்களில் விற்பவர்களுக்கு இந்த யோசனையே தேவையில்லை. முதல் படத்தில் சுத்த வெள்ளைப் பின்னணி, பொருள் 85 சதவீத இடத்தை நிறைக்க வேண்டும் என்று அவர்களே விதி வைத்திருக்கிறார்கள். லைட் வைத்து எடுப்பதுதான் சுலபம்.

எங்கள் வழக்கம் இப்போது இப்படி நிலைத்திருக்கிறது. வாரம் ஒரு காலை, எட்டிலிருந்து பதினொன்று வரை மாடி ஜன்னல். முந்தின ராத்திரியே இஸ்திரி போட்டு, வெளிர் நிறம் ஒரு அடுக்கு, அடர் நிறம் ஒரு அடுக்கு என்று பிரித்து வைத்துவிடுவோம். ஒவ்வொரு புடவைக்கும் வெளிச்ச அளவை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். அக்கா மடிப்பாள், நான் எடுப்பேன். ஒவ்வொன்றுக்கும் முதல் படத்தில் எண் எழுதிய சீட்டு, பிறகு முழுப் புடவை, முந்தி, உடல், கரை, பின்பக்கம், பிளவுஸ் துணி; பட்டென்றால் சுத்தப் பட்டு என்று சொல்லும் சில்க் மார்க் அட்டையும். கிட்டப் போய் எடுத்தால் கரை வளையும் என்பதால் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம். டியூப்லைட் அணைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எச்டி தேர்ந்தெடுத்து அனுப்புவாள், இல்லையென்றால் ஜரிகை குழைந்துவிடும்.

போட்டோகிராபரை வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் கூப்பிடுகிறோம், ஆடியில். கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் தேதி கிடைக்கிறது, கூலியிலும் பேச இடம் இருக்கிறது. தீபாவளிக்கும் நாள் இருக்கிறது. அன்றைக்கு ஆறே புடவை, அதுவும் நெசவாளரிடம் மறுபடி நெய்து தரக் கேட்கக்கூடிய டிசைன்கள் மட்டும். மாடலுக்கு ஒரு நாள் சம்பளம், ஒரு பழைய வீட்டின் முற்றம். இந்த வருடப் பட்டியலில் அக்கா முதலில் எழுதியிருப்பது வாடாமல்லி. அந்தப் பூச்செடியை மே மாதமே தொட்டியில் போட்டுவிட்டாள்.