பழைய திருப்புதல் வேதாகமம்: ரயிலில் படிக்க எந்த அளவு?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பழைய திருப்புதல், அதாவது பழைய மொழிபெயர்ப்புத் தமிழ் வேதாகமம் வாங்குபவர்கள் பெரும்பாலும் அட்டையைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். எழுத்தைப் பாருங்கள். கையடக்கப் பதிப்பு பைக்குள் அடங்கும், ஆனால் கேஎல் சென்ட்ரலில் ஏறி கேஎல்சிசி வரை நின்றுகொண்டே படிக்க அந்தப் பொடி எழுத்து ஒத்துவராது. நடுத்தர அளவே நல்லது. தாள் மெல்லியது, ஜெல் பேனா மறுபக்கம் ஊறிவிடும், கலர் பென்சில் போதும். நம் ஊர் ஈரக்காற்றில் காரில் விட்டுவைத்தால் ஓரங்கள் நெளிந்துவிடும்.

மொத்தம் 1189 அதிகாரங்கள். தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் ஒரு வருடத்தில் முடியும். ஆனால் ஜனவரியில் தொடங்கினால், மாதக் கடைசியில் பலிகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமம் வரும். பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். அப்போது விட்ட நாட்களைச் சேர்த்துப் படிக்க முயலாதீர்கள், அன்றைய பகுதியிலிருந்தே தொடருங்கள். கூடவே சுவிசேஷத்தில் ஒரு அதிகாரம் வைத்துக்கொண்டால் வறட்சி தெரியாது.

மொழி பழையதுதான், ஆனாலும் நீதிமொழிகள் 3:5-இல் ‘உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்’ என்று வரும் அந்த ‘சுயபுத்தி’ என்ற ஒரு சொல்லுக்காகவே இந்தத் திருப்புதலைப் பரிந்துரைப்பேன். நாம் எதன்மேல் சாய்கிறோம் என்பதை அது நேராகக் கேட்கிறது. அப்படிச் சாயாததற்கு ஓர் உதாரணம்: லூக்கா 5-இல் மீனவன் பேதுரு இரவெல்லாம் வெறும் வலை இழுத்த பிறகும் இயேசு சொன்னதற்காக மறுபடி வலை போடுகிறான். படித்ததும் ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதுங்கள்: இன்றைக்கு யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், எந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டும். செய்து முடித்தபின் தேதி போடுங்கள். அதற்கு ஓர இடம் அகலமான பதிப்பையே கேட்டு வாங்குங்கள்.