ஹோண்டா டிடபிள்யூ-1 ஆயில்: பழைய சிவிக், சிட்டி ஆட்டோமேட்டிக்குக்குப் போடலாமா?

2006 முதல் 2013 வரை இங்கே விற்ற சிவிக், 2008 இறுதியில் வந்த சிட்டியின் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், அதே காலத்து அக்கார்ட், சிஆர்-வி எல்லாம் இன்று பழைய கார் சந்தையில் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. எஞ்சினைப் பற்றி யாருக்கும் பயமில்லை. "கியர்பாக்ஸ் போச்சுன்னா?" என்ற ஒரே கேள்விதான் விலையை இறக்குகிறது. அந்தக் கியர்பாக்ஸுக்கு ஹோண்டாவே விற்கும் ஆயில் டிடபிள்யூ-1. நல்ல சரக்கு, கொடுக்கிற காசுக்குத் தகும். ஆனால் டப்பாவில் இருப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, அதை எப்படி மாற்றுகிறார்கள் என்பதில் இருக்கிறது. நம் ஊர் ஷெட்களில் பெரும்பாலும் கோட்டை விடுவது அங்கேதான்.

முதலில் பெயர்க் குழப்பம். பழைய காரின் கையேட்டில் இசட்-1 என்று அச்சிட்டிருக்கும். டீலர் கவுண்டரில் கேட்டால் டிடபிள்யூ-1 கொடுப்பார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை. 2010 வாக்கில் ஹோண்டா இசட்-1-ஐ விலக்கிக்கொண்டு டிடபிள்யூ-1-ஐக் கொண்டுவந்தது. இசட்-1 கேட்கும் எல்லா ஹோண்டா பெட்டிகளிலும் இதை ஊற்றலாம், உள்ளே கிடக்கும் மிச்ச இசட்-1-உடன் கலந்தாலும் கெடுதல் இல்லை. இசட்-1-இன் பெரிய குறை, சூட்டிலும் கியர் அரைப்பிலும் சீக்கிரம் தளர்ந்துபோவது. புதியது அந்த விஷயத்தில் தெளிவாகவே மேல்: பிசுபிசுப்பை நீண்ட நாள் காப்பாற்றிக்கொள்கிறது, குளிர்ந்த நிலையில் சுலபமாக ஓடுகிறது. காலையில் முதல் தடவை டி-யில் போட்டதும் வரும் தாமதம் ஆயில் மாற்றிய பின் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போடக் கூடாத கார்களும் உண்டு. சிட்டி இசட்எக்ஸ் காலத்து சிவிடி (கியர் படிகள் இல்லாமல் பெல்ட், புல்லியால் ஓடும் ஆட்டோமேட்டிக்) பெட்டிக்கு இது ஆகாது. 2014 சிட்டியின் சிவிடிக்கும் ஆகாது, அதற்கு எச்சிஎஃப்-2 என்ற தனி ஆயில். பெல்ட்டும் புல்லியும் இறுகப் பிடித்து ஓடும் பெட்டியில் கிளட்ச் தகடுகளுக்கான ஆயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கும், புல்லி முகத்தில் கீறல் விழும், பிறகு பெட்டியையே மாற்ற வேண்டும். "எல்லாம் ஆட்டோமேட்டிக் ஆயில்தானே சார்" என்று யாராவது சொன்னால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஹோண்டாவின் இந்தப் பெட்டிகள் மற்றவர்கள் செய்வது போன்றவை அல்ல. டொயோட்டாவிலும் ஹூண்டாயிலும் கோள் கியர் அமைப்பு, அதாவது நடுக் கியரைச் சின்னக் கியர்கள் சுற்றிவரும் அமைப்பு, இருக்கும். ஹோண்டாவில் மேனுவல் பெட்டி போலவே இணையான தண்டுகளும் எப்போதும் பிணைந்திருக்கும் கியர்களும்தான். ஒவ்வொரு கியரையும் தண்டோடு இணைப்பது ஒரு கிளட்ச் தொகுதி. தகடுகளின் மேல் ஒட்டியிருப்பது காகித வகை உராய்வுப் பட்டை. அது தேயும்போது வரும் நுண் தூள் ஆயிலில்தான் மிதக்கும். அதைவிட அதிகம் தூள் விடுவது, எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச். சீரான வேகத்தில் எஞ்சினையும் பெட்டியையும் நேரடியாகப் பூட்டுவது அதுதான்.

அந்தத் தூளைப் பிடிக்கும் வலை இங்கே பெட்டியின் வயிற்றுக்குள் இருக்கிறது. மற்ற கார்களில் கீழே தட்டைக் கழற்றி வடிகட்டியை மாற்றுகிறார்களே, அந்த வேலை இதில் கிடையாது. கழற்றத் தட்டே இல்லை. பெட்டியைப் பிளந்தால்தான் வலை கைக்கு வரும். சில மாடல்களில் கூலர் குழாயில் ஒரு சின்ன வெளி ஃபில்டர் உண்டு, இருந்தால் மாற்றுங்கள். ஆகவே இந்தக் கார்களில் பராமரிப்பு என்றால் தூள் சேரும் முன் ஆயிலை இறக்குவது, அவ்வளவுதான். மெஷின் ஃப்ளஷ் என்று சில இடங்களில் விளம்பரம் செய்கிறார்களே, கரைப்பானோ அழுத்தமோ கொடுத்து உள்ளே படிந்ததைக் கிளப்பும் அந்த வேலையை இதில் செய்யக் கூடாது. கிளம்பிய அழுக்கு போய் நிற்கப்போவது மாற்ற முடியாத அந்த வலையிலும், சோலனாய்டு (ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின் வால்வு) கேஸ்கெட்டில் உள்ள மெல்லிய சல்லடையிலும்தான்.

இப்போது அளவு. சிவிக் 1.8-இல் வடிகால் போல்ட்டைத் திறந்தால் சுமார் 2.4 லிட்டர் இறங்கும். பெட்டியில் மொத்தம் 6 லிட்டரை ஒட்டி இருக்கும். மீதி கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். ஆக ஒரு தடவை மாற்றினால் 40 சதவீதம்தான் புதுசு. இரண்டாம் தடவை 64, மூன்றாம் தடவை 78. நான்காவதில் 87-க்குப் போகும், ஆனால் அந்தக் கடைசி ஒன்பது சதவீதத்துக்கு இன்னும் 2.4 லிட்டர் செலவு, தேவையில்லை. வரலாறு தெரியாத காராக இருந்தால் மூன்று தடவை, 7.2 லிட்டர், கையில் 8 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காகப் பராமரித்த காருக்கு 40,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை வடித்து ஊற்றினால் போதும். அண்ணா சாலை, ஓஎம்ஆர் நெரிசலிலேயே ஓடும் கார் என்றால் 25,000–30,000-க்குள் செய்வது உசிதம். நின்று நின்று போகும்போது கன்வெர்ட்டர் லாக் ஆகாது, சூடு முழுக்க ஆயிலில்தான் ஏறும். "லைஃப்டைம் ஆயில்" என்ற பேச்சுக்கு இந்தப் பெட்டியில் இடமே இல்லை.

வேலை முறை எளிது, பொறுமைதான் வேண்டும். காரைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் ஸ்டாண்டு வைத்து ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம். வடிகால் போல்ட்டின் நடுவில் சதுரக் குழி இருக்கும். 3/8 அங்குல ராட்செட்டின் முனை அப்படியே பொருந்தும், சாக்கெட் தேவையில்லை. எஞ்சின் ஆயில் போல்ட் பக்கத்திலேயே இருப்பதால் அவசரத்தில் மாற்றித் திறந்துவிடும் ஆட்களும் உண்டு. சதுரக் குழி இருப்பதுதான் கியர்பாக்ஸுடையது என்று முதலிலேயே காட்டிவிடுங்கள்.

போல்ட் முனையில் காந்தம் இருக்கும். அதை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நனைத்த விபூதி மாதிரி சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நறநறவென்று பட்டாலோ, ஊசி ஊசியாகவோ தகடு தகடாகவோ இரும்பு தெரிந்தாலோ பேரிங் அல்லது கியர் பல் உடைகிறது என்று பொருள். அதற்குமேல் நல்ல ஆயில் வாங்கிச் செலவு செய்வதில் பலனில்லை.

இறங்கிய ஆயிலைப் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி அளந்து வையுங்கள். எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு உள்ளே போக வேண்டும், கணக்கு அதுதான். போல்ட்டுக்கு 18 மில்லிமீட்டர் அலுமினிய வாஷர் புதிதாகப் போட்டு, 49 நியூட்டன் மீட்டரில் முறுக்குங்கள். பெட்டியின் உடல் அலுமினியம். பலம் காட்டினால் மரை பிய்ந்துவிடும். பழைய வாஷரைத் திருப்பிப் போடும் கஞ்சத்தனம் தரையில் சிவப்புச் சொட்டாகத் தெரியும்.

ஊற்றுவது டிப்ஸ்டிக் குழாய் வழியாக, நீளக் குழல் கொண்ட புனலால். சில பெட்டிகளில் மேலே ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) என்று பொறித்த ஊற்றும் போல்ட் இருக்கும், அது இன்னும் வசதி. குழாய் குறுகல் என்பதால் மெதுவாகத்தான் இறங்கும். இந்த இடத்தில் ஒரு கெட்ட பழக்கம்: டிப்ஸ்டிக்கைப் பனியன் வேஸ்ட்டால் துடைப்பது. அதிலிருந்து உதிரும் நூல் நேரே சோலனாய்டு சல்லடைக்குப் போகும். நூல் உதிராத துணி வேண்டும், இல்லாவிட்டால் சுத்தமான டிஷ்யூவை ஒரே இழுப்பாக இழுத்து எறியுங்கள்.

ஊற்றிய பின் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு நிலைக்கும் போய் ஓரிரு விநாடி நிறுத்தி வாருங்கள். பிறகு எல்லாக் கியரும் விழும்படி ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் அடுத்த வடிப்பு. ஒரே நாளில் மூன்றும் செய்யலாம். சில நூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டுச் செய்தாலும் சரியே.

அளவு பார்ப்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. டொயோட்டாவில் எஞ்சின் ஓடும்போது பார்த்துப் பழகியவர்கள் இதிலும் அப்படியே பார்க்கிறார்கள். ஹோண்டாவில் ரேடியேட்டர் விசிறி சுற்றும் வரை சூடாக்கி, எஞ்சினை நிறுத்தி, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். அந்த நேரம் தாண்டினால் அளவு மாறிக் காட்டும், குளிர்ந்த காரில் பார்த்தால் சுத்தமாகத் தப்பு. மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் சுழலும் கியர் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரையில் அழுத்தம் நிற்காது, கிளட்ச் வழுக்கும். குறைவாக இருந்தாலும் பம்ப் காற்றை இழுத்து அதே கதிதான்.

ஆயில் மாற்றினால் எது சரியாகும், எது ஆகாது? 50–70 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்தபடி போகும்போது அடுத்தடுத்து சின்ன வேகத்தடைகளின் மேல் போவது போல ஒரு அதிர்வு வந்தால், காலை எடுக்காமல் இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டுப் பாருங்கள். வெறிச்சோடிய சாலையில் மட்டும் செய்யுங்கள். அதிர்வு உடனே நின்றால் லாக்-அப் கிளட்ச்தான் காரணம், ஏனென்றால் பிரேக் சமிக்ஞை வந்ததும் லாக்-அப் விடுபடும். இந்த அதிர்வு ஆரம்பக் கட்டத்தில் இருந்தால் மூன்று வடிப்பில் பெரும்பாலும் அடங்கிவிடும். டிடபிள்யூ-1 பெயர் வாங்குவது இங்கேதான். ஸ்கேனரில் பி0741 என்ற லாக்-அப் கோளாறுக் கோடு விழுந்து, டேஷ்போர்டில் டி விளக்கு மினுங்க ஆரம்பித்திருந்தால் கன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டிய நிலை.

கியர் மாறும்போது உதை மாதிரி ஜெர்க் என்றால் ஆயிலைக் குறை சொல்லும் முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று எஞ்சின் மவுண்ட். இந்த சிவிக்குகளில் ரப்பர் கிழிந்தாலே டி-யில் போட்டதும் "டொக்" என்று அடிக்கும், கியர்பாக்ஸ் மேல் பழி விழும். இன்னொன்று கிளட்ச் பிரஷர் சுவிட்ச். வெளியிலிருந்தே கழற்றி மாற்றக்கூடிய சின்ன உதிரி. மூன்றாம் கிளட்ச்சின் சுவிட்ச் கெட்டால் பி0847, பி0848 வரிசையில் கோடு வரும். இதைப் பார்க்காமல் பெட்டியை இறக்கச் சொல்லும் இடங்கள் உண்டு.

ரெவ் ஏறுகிறது, கார் நகரவில்லை, ஆயிலில் கருகிய வாடை. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் டிடபிள்யூ-1 வாங்காதீர்கள். தகடு எரிந்துவிட்டது, எந்த ஆயிலும் உராய்வுப் பட்டையைத் திரும்ப வளர்க்காது. "ஆயில் மாற்றினதாலதான் கியர்பாக்ஸ் போச்சு" என்ற பேச்சு பிறப்பதும் இங்கேதான்: போய்க்கொண்டிருந்த பெட்டிக்குக் கடைசி நேரத்தில் ஆயில் மாற்றுகிறார்கள், அடுத்த மாதம் அது நிற்கிறது, பழி ஆயிலுக்கு. நிறத்தை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், இந்த ஆயில் சிவப்பிலிருந்து பழுப்புக்குச் சீக்கிரமே மாறும். மூக்கைத்தான் நம்ப வேண்டும்.

பெட்டியின் வடிவமைப்பே தவறாக இருந்த காலமும் உண்டு. 2004-இல் அமெரிக்காவில் ஹோண்டா சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. வி6 எஞ்சின் கொண்ட அக்கார்ட், ஒடிசி, பைலட் போன்றவற்றில் இரண்டாம் கியருக்கு ஆயில் போதாமல் சூடேறிப் பல் உடையும் ஆபத்து. அந்தக் கியர் மேல் ஆயில் பீய்ச்ச ஒரு சின்னக் குழலைப் பொருத்தினார்கள். நாம் பேசும் நான்கு சிலிண்டர் பெட்டிகள் அந்தப் பட்டியலில் இல்லை. வெளிநாட்டுப் புலம்பலைப் படித்துவிட்டு நம்மூர் சிவிக்கை ஒதுக்க வேண்டியதில்லை.

சென்னை கார் என்றால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. 2015 டிசம்பரிலோ 2023 மிக்ஜாம் புயலிலோ தண்ணீரில் நின்ற வண்டியில், காற்றுப் போக்கி வழியாகப் பெட்டிக்குள் நீர் போயிருக்கலாம். நீர் பட்டால் காகிதப் பட்டையின் பசை விட்டுவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் எஞ்சினை ஸ்டார்ட் கூடச் செய்யாமல் வடிக்க வேண்டும். ரேடியேட்டருக்குள் கூலர் இருக்கும் வண்டிகளில் உள்கசிவு ஏற்பட்டாலும் இதே நிறம்தான் வரும், அப்போது ரேடியேட்டரையும் சேர்த்து மாற்றாமல் ஆயில் ஊற்றுவது வீண்.

விலை அதிகம் என்பது உண்மைதான். பல கம்பெனிக் கார்களுக்குப் பொதுவான ஆயில்களில், வால்வலின் மேக்ஸ்லைஃப் போன்றவை டப்பாவிலேயே ஹோண்டா இசட்-1-க்குப் பொருந்தும் என்று சொல்கின்றன. டிடபிள்யூ-1 கிடைக்காத ஊரில் அது ஏற்கத்தக்க மாற்று. பீப்பாயிலிருந்து பிடித்துத் தரும் லூஸ் சிவப்பு ஆயில் அப்படி அல்ல. பவர் ஸ்டியரிங்கில் ஊற்றுகிற அதே டெக்ஸ்ரான்-3 என்ற பொதுவான பழைய தர ஆயிலை இதிலும் ஊற்றுகிறார்கள். ஹோண்டாவின் ஸ்டியரிங்குக்குமே அது பொருந்தாது, அதற்கும் தனி ஆயில். புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் அசல் உதிரி தரும் கடைகள் இருந்தாலும், இந்த ஒரு பொருளை டீலர் பார்ட்ஸ் கவுண்டரில் பில்லோடு வாங்குவதே மேல். சீல் உடையாத டப்பாவை ஷெட்டுக்கு நீங்களே எடுத்துப்போங்கள். மூன்று வடிப்பும் முடிந்ததும் காலி டப்பாக்களை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.