குளூட்டனும் ஆகாது, மக்காச்சோளமும் ஆகாது: பிரெட் தேடிய அனுபவம்

எனக்கு சீலியாக் இருக்கிறது, அதாவது கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய், கூடவே மக்காச்சோளமும் ஒத்துக்கொள்ளாது. நியூ ஜெர்சியில் இருக்கிறேன். இரண்டில் ஒன்று மட்டும் ஆகாதவர்களுக்கு இங்கே கடைகளில் நிறையவே கிடைக்கும், இரண்டும் சேர்ந்தால்தான் சிக்கல். கோதுமை இல்லாமல் பிரெட் செய்யும் கம்பெனிகளில் பல அந்த இடத்தில் கொண்டுவந்து போடுவது மக்காச்சோள ஸ்டார்ச்சைத்தான், மலிவு, வெள்ளையாக இருக்கும், தனி ருசியும் கிடையாது. அதனால் 'குளூட்டன் ஃப்ரீ' என்று எழுதிய பாக்கெட்டை எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது அதில் மக்காச்சோளம் இருக்கிறதா என்றுதான். இதே நிலைமையில் புதிதாக மாட்டிக்கொண்ட யாருக்காவது உதவும் என்று, இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியவந்ததை எழுதுகிறேன்.

லேபிள் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குளூட்டனுக்கு அமெரிக்காவில் தெளிவான விதி இருக்கிறது: உணவையும் மருந்தையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013-இல் கொண்டுவந்தது, பத்து லட்சத்தில் 20 பங்குக்குக் கீழே இருந்தால்தான் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போடலாம். மக்காச்சோளத்துக்கு அப்படி எதுவும் இல்லை. கட்டாயம் சொல்லியாக வேண்டிய அலர்ஜிப் பொருள்கள் என்று 2004-ஆம் வருடச் சட்டத்தில் எட்டு இருந்தன, 2023-இல் எள்ளும் சேர்ந்து ஒன்பதாயிற்று, அதில் கோதுமை உண்டு, மக்காச்சோளம் கிடையாது. ஆகவே அது டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று வேறு வேறு பெயரில் வரும். இங்கே லேபிளில் வெறுமனே 'ஸ்டார்ச்' என்று மட்டும் போட்டிருந்தால் அது மக்காச்சோள ஸ்டார்ச்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள், வேறு எதிலிருந்து எடுத்தது என்றாலும் அதன் பெயரையும் சேர்த்துப் போட வேண்டும்.

சந்தேகம் வராத சாமான்களில்தான் இது அதிகம் இருக்கிறது. பேக்கிங் பவுடர் கட்டிதட்டாமல் இருக்க மக்காச்சோள ஸ்டார்ச் கலக்கிறார்கள். பொடித்த சர்க்கரையிலும் அதேதான். அயோடின் உப்பில் அயோடின் நிலைத்து நிற்பதற்காக டெக்ஸ்ட்ரோஸ் சேர்ப்பது இங்கே வழக்கம், அதனால் நான் அயோடின் கலக்காத கடல் உப்புக்கு மாறிவிட்டேன், அயோடினுக்கு என்ன செய்வது என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை வினிகரும் இங்கே பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து காய்ச்சியதுதான், ஆப்பிள் சைடர் வினிகர் எனக்கு ஒரு தொந்தரவும் செய்ததில்லை. இவ்வளவு சுத்திகரித்த பிறகு மிச்சம் இருக்கும் புரதம் எல்லோரையும் பாதிக்கும் என்று சொல்ல முடியாது, ஒவ்வொருவர் உடம்பும் தாங்கும் அளவு வேறு. எனக்கு உப்பில் இருப்பது கூட ஆகவில்லை, அதனால் நான் கறாராக இருக்கிறேன்.

சரி, கடை பிரெட்டுக்கு வருவோம். குளூட்டன் இல்லாத பிரெட்டில் மாவு அரிசியும் மரவள்ளியும் மட்டுமே என்று பார்த்துச் சந்தோஷப்பட்டால் பட்டியலின் கடைசியில் சாந்தன் கம் இருக்கும். ஒரு பாக்டீரியாவுக்குச் சர்க்கரை ஊட்டி வளர்த்து எடுக்கிற பசை அது, அந்தச் சர்க்கரை பல இடங்களில் மக்காச்சோளத்திலிருந்து வருகிறது. நான் ரொம்ப நாள் நம்பி வாங்கிய ஒரு பிரெட்டில் சொல்லாமல் கொள்ளாமல் பொருள்களை மாற்றிவிட்டார்கள், பாக்கெட் பழைய நிறத்திலேயே இருந்தது, சாப்பிட்டு இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். எனக்கு இன்றும் கோபம் வருகிற விஷயம் இது, வெளியே ஒரு வரி போட்டிருந்தால் போதும். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் முழுப் பட்டியலையும் படிக்கிறேன். இப்போது வாங்குவது தானியமே சேர்க்காத வகைகளைத்தான்: பாதாம் மாவில் செய்த பிரெட், டார்ட்டியாவுக்கு (மெக்சிகோக்காரர்களின் சப்பாத்தி மாதிரி) மரவள்ளி மாவு வகை. இரண்டும் விலை அதிகம், பாதாம் பிரெட் கனமாக இருக்கும், ஆனால் டோஸ்ட் செய்தால் நன்றாக இருக்கிறது. பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

வீட்டில் சுடுவதுதான் கடைசியில் நிலைத்தது. சாந்தன் கம்முக்குப் பதில் இசப்கோல் உமி, அதுதான் மாவைப் பிடித்து நிறுத்துகிறது. என் அளவு இது: அரிசி மாவு 130 கிராம், வெள்ளைச் சோள மாவு 100 கிராம் (ஜோவார் என்று கேட்டு வாங்குங்கள், மக்காச்சோள மாவை எடுத்துவிடப் போகிறீர்கள்), மரவள்ளி ஸ்டார்ச் 120 கிராம், இசப்கோல் உமி 20 கிராம், ஈஸ்ட் 7 கிராம், தண்ணீர் 390 மில்லி, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் ஆப்பிள் சைடர் வினிகர். உமியைத் தண்ணீரில் கொஞ்சம் ஊறவிட்டு, அது கூழாகக் கெட்டியானதும் மற்றதோடு பிசையுங்கள். மாவு நன்றாக உப்பியதும் 450 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சுட வேண்டும், மேலே சிவந்துவிட்டது என்று சீக்கிரம் எடுத்தால் நடுவில் பிசுபிசுவென்று இருக்கும். முழுக்க ஆறாமல் வெட்டாதீர்கள். ஆறியதும் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் வேண்டும்போது டோஸ்டரில் போட்டுக்கொள்ளலாம். பேக்கிங் பவுடருக்கு க்ரீம் ஆஃப் டார்ட்டர் இரண்டு பங்கு, சமையல் சோடா ஒரு பங்கு, அவ்வளவுதான், அப்போதைக்கப்போது கலந்துகொள்கிறேன்.

தினசரிச் சாப்பாட்டுக்கு நம் பலகாரங்களைப் போல வேறு கிடையாது. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, அடை எதிலும் இரண்டும் இல்லை, வீட்டில் செய்தால். வெளியே அப்படி இல்லை. ரவா தோசை, கோதுமை தோசை ஊற்றிய அதே கல்லில்தான் உங்கள் சாதா தோசையும் வேகும். சாம்பாரில் பெருங்காயம் இருக்கும், கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது சர்வ சாதாரணம். எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் தேடினால் அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைக்கிறது, பின்பக்கம் படித்து வாங்குங்கள். ஓட்டல் கிரேவிகளில் கெட்டிப்படுத்த கார்ன் ஃப்ளவர் போட்டிருக்கிறார்களா என்று கேட்டே ஆக வேண்டும், மஞ்சூரியன் வகைகள் பக்கமே போகாதீர்கள். ஊருக்குப் போனால் சிறுதானியம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் மாவு மில்லில் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில்தான் கேழ்வரகும் அரைபடும், அதனால் அம்மா எனக்காக முழுத் தானியமாக வாங்கி, கல் பொறுக்குவது போல வேறு மணி கலந்திருக்கிறதா என்று பொறுக்கி, கழுவிக் காயவைத்து மிக்ஸியிலேயே அரைத்துத் தருகிறார்.

அப்புறம் மாத்திரை. பல மாத்திரைகளில் நிரப்புப் பொருளே மக்காச்சோள ஸ்டார்ச்தான். ஒரே மருந்தை இரண்டு கம்பெனிகள் செய்தால் அதிலுள்ள மற்ற பொருள்கள் வேறு வேறாக இருக்கும், போன மாதம் ஒத்துக்கொண்டது இந்த மாதம் ஒத்துக்கொள்ளாமல் போக அதுவும் ஒரு காரணம். மருந்துக்கடையில் உள்ள ஃபார்மசிஸ்டிடம் செயலற்ற பொருள்களின் பட்டியலைக் கேளுங்கள், எடுத்துத் தருவார்கள். எந்தக் கம்பெனி மருந்து ஒத்துக்கொள்கிறது என்பதை உங்கள் கணக்கிலேயே குறித்துவைக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் அதே கம்பெனிதானா என்று கவுண்டரிலேயே பார்த்துவிடுங்கள்.