நாகமரையிலிருந்து பண்ணவாடிக்கு: கரை இடம்மாறும் படகுத்துறை

தருமபுரியிலிருந்து பென்னாகரம், ஏரியூர் வழியாக நாகமரைக்கு வருகிறவர்களுக்கு, ஊர் முடியும் இடத்தில் சாலையும் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம். எதிர்க்கரையில் தெரிவது சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. பெரும்பாலை, மேச்சேரி, மேட்டூர், கொளத்தூர் என்று சாலையில் சுற்றிப்போனால் ஒரு காலைப்பொழுதே கரைந்துவிடும் தொலைவை, இங்கே விசைப்படகில் ஏறி, செய்தித்தாளைப் படித்து முடிப்பதற்குள் கடந்துவிடலாம். மூன்று பக்கமும் நீர் சூழ்ந்து தீவுபோலக் கிடக்கும் இவ்வூர்க்காரர்களுக்கு இந்தப் படகுதான் பேருந்து. ஆகவே ஒகேனக்கல் பரிசலை மனத்தில் வைத்துக்கொண்டு இதை மதிப்பிடுவது பொருந்தாது. அங்கே நாம் விருந்தாளிகள். இங்கே பால்கேன், உரமூட்டை, இருசக்கர வண்டி, பள்ளிப் பை ஆகியவற்றோடு சேர்ந்து நாமும் ஒரு சுமை.

நான் இருமுறை சென்றிருக்கிறேன். இரண்டும் ஒரே துறைதான் என்று சொன்னால் பார்க்காதவர்கள் நம்பமாட்டார்கள்.

முதல்முறை 2024 வைகாசி. அணையின் முழு நீர்மட்டமான 120 அடியிலிருந்து நீர் 50 அடியை ஒட்டி இறங்கியிருந்தது. வழக்கமாகப் படகு வந்து நிற்கும் இடம் வெறும் மேடாகக் காய்ந்துகிடக்க, நீர் இருந்த இடம்வரை வெடித்த வண்டல்மண்ணில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. மேலே காய்ந்திருந்த மண் கீழே ஈரமாகவே இருந்ததால், ஓரிடத்தில் என் செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அந்த நடைக்கு நிழல் என்பது துளியும் இல்லை. குடையோ துண்டோ இல்லாமல் கோடையில் யாரும் வர வேண்டாம். ஆனால் அந்தக் கோடையில்தான் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியையும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரத்தையும் அருகில் நின்று பார்க்க முடிந்தது. 1925-இல் கட்டத் தொடங்கி 1934 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அணைக்காக ஊர்களை விட்டு மேட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள், இவற்றை இருந்த இடத்திலேயே விட்டுச்சென்றார்கள். நீர்மட்டம் ஏறத்தாழ 80 அடிக்குக் கீழே போகும்போது ஆலயக் கோபுரமும், 70 அடியை ஒட்டி வரும்போது நந்தியும் தலைகாட்டும் என்பது இரு கரையிலும் எல்லோருக்கும் மனப்பாடம். நந்தியைச் சுற்றி நீர் வடிந்த நிலத்தில் உழவு நடந்திருந்தது. வண்டல் படிந்த மண்ணாதலால் கேழ்வரகும் நிலக்கடலையும் எள்ளும் இங்கே எருவை அதிகம் கேட்பதில்லை. நீர் ஏறிவருவதற்குள் அறுவடை முடிய வேண்டும் என்பது மட்டுமே கவலை. அந்த ஆண்டு ஜூலை 30-இல் அணை நிரம்பிவிட்டது. பிந்தி விதைத்தவர்களின் கதி என்னவாயிற்றோ.

இரண்டாம் முறை 2025 தை. தங்கையின் திருமண அழைப்பிதழைக் கொளத்தூர்ப் பக்கத்து உறவினர்களுக்குக் கொடுக்க, பெரியப்பா மகனோடு போனேன். (பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு இரு கரைக்கும் இடையே நிறைய உண்டு, ஆறு குறுக்கே வந்ததை யாரும் ஒரு தடையாக எண்ணியதாகத் தெரியவில்லை.) நீர் நூறு அடிக்கு மேல் நின்றிருந்தது. சாலையின் விளிம்பிலேயே படகு. இருவர் பிடித்துத் தூக்க, வண்டி ஒரு நொடியில் உள்ளே போய்விட்டது. ஆளுக்கும் வண்டிக்கும் கட்டணம் தனித்தனி. சில்லறையாக வைத்திருப்பது நல்லது. நடுநீரில் போகும்போது, முன்பு நான் சுற்றிநடந்த நிலமும் நந்தியும் ஏதோ ஓரிடத்தில் அடியில் கிடக்கின்றன என்ற நினைப்பு, சொல்லத் தெரியாத ஓர் அச்சத்தைக் கொடுத்தது. எதிரே அமர்ந்திருந்த மூதாட்டி அதைக் கண்டுகொண்டார் போலும். “தண்ணியப் பாக்காத கண்ணு, கரையப் பாரு,” என்றார்.

குறை என்று சொல்ல வேண்டுமானால், நேரக் கணக்கு இல்லாததைச் சொல்வேன். ஆள் சேர்ந்த பிறகே படகு கிளம்பியது. எங்களுக்கு முக்கால் மணி நேரம் காத்திருப்பாயிற்று. ஆடிக் காற்றில் நீர்த்தேக்கம் கடல்போல் அலையெறியும் என்பதாலும், ஒகேனக்கல் பக்கமிருந்து வெள்ளம் பெருகி வரும் நாட்களில் நீரில் இறங்குவதே ஆபத்து என்பதாலும், அந்நாட்களில் இவ்வழியை நம்பித் திருமணத்துக்கோ மருத்துவமனைக்கோ கிளம்புவது அறிவுடைமை ஆகாது. பாலம் வேண்டுமென்று இப்பகுதி மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவதன் நியாயம், ஒருமுறை கரையில் காத்துக்கிடந்தாலே விளங்கிவிடும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை எனக்குக் கலவையான அனுபவமே. வழியில் ஒரு கடையில் ‘அணை மீன்’ என்று பரிமாறியது, முதல்நாள் பொரித்ததைச் சூடுகாட்டியதுதான். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. மாறாக, மீனவர்களிடம் நேரடியாக வாங்கிய அரஞ்சான், உறவினர் வீட்டில் புளி கரைத்துக் குழம்பாகிக் கேழ்வரகுக் களியோடு வந்தபோது, மறுசோறு கேட்க வெட்கப்படவில்லை. முள் அதிகம், பொறுமையாகத் தின்ன வேண்டும். முள்ளுக்கு அஞ்சுகிறவர்கள் கட்லாவோ ரோகுவோ கேட்டு வாங்கலாம். காலையில் வலையெடுத்து வரும் நேரத்தில் போனால்தான் தேர்ந்தெடுக்க முடியும். வெயில் ஏறிய பின் மிஞ்சுவது பெரும்பாலும் ஜிலேபி மீன்.

கிளம்பும் முன் நாளிதழில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நந்தியைப் பார்க்க வேண்டுமானால் 70 அடிக்குக் கீழே இருக்கும் கோடை. வண்டியோடு சிரமமில்லாமல் அக்கரை சேர வேண்டுமானால் நீர் நிறைந்த மாதங்கள். இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது. திரும்புவதைப் பொழுது சாய்வதற்கு நன்கு முன்பாகவே வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பேச்சில் மயங்கி நேரத்தை விட்டுவிட்டு, கடைசியில் மேச்சேரி சுற்றித்தான் வீடு வந்து சேர்ந்தோம்.