மனச்சோர்வில் உள்முரண்: எந்தச் சிகிச்சை எவருக்கு?

பக்கவாதத்தால் படுத்திருக்கும் தாயைச் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தனியே பராமரிக்கும் ஒரு மூத்த மகளைக் கற்பனை செய்துகொள்வோம். மனச்சோர்விலிருந்து மீள அவர் மனமார விரும்புகிறார். ஆயினும், தனக்கென நேரம் ஒதுக்குபவர்கள் தன்னலக்காரர்கள் என்று ஆழமாக நம்புவதால், குணமடைவதே நல்ல மகளாக இருப்பதைக் கைவிடுவதுபோல அவருக்குத் தோன்றுகிறது. இந்த இழுபறியே உள்முரண்.

ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, இத்தகைய எண்ணங்களுக்குச் சான்று உண்டா என்று சோதிக்கிறது. அன்றாடச் செயல்களைத் திட்டமிடவும் வீட்டுப்பயிற்சி செய்யவும் பழக்குகிறது. மிகுதியாக ஆராயப்பட்ட முறை என்பது இதன் பெரும்பலம். ஆனால் எண்ணம் தவறு என்று காட்டுவதை அந்த மகள் தம் பாசத்தின்மீதே வைக்கப்படும் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடும். அனுபவமுள்ள சிகிச்சையாளர் இதை உணர்ந்து அடிப்படை நம்பிக்கைகளுக்குள் இறங்குவார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒவ்வொருவரும் உலகைத் தம் சொந்த அளவுகோல்களாலேயே புரிந்துகொள்கிறார் என்று உளவியலாளர் ஜார்ஜ் கெல்லி 1955இல் முன்வைத்த கோட்பாட்டின் வழியில் வந்த முரண்மையச் சிகிச்சை, வாதத்தை அல்ல, வரைபடத்தைக் கையில் எடுக்கிறது. தாய், தம்பி, அத்தை, மேலதிகாரி, இன்றைய தான், விரும்பும் தான் என ஒவ்வொருவரையும் அந்த மகள் தம் சொந்தச் சொற்களாலேயே மதிப்பிடும்போது, 'மகிழ்ச்சியானவர்' என்பதும் 'பொறுப்பற்றவர்' என்பதும் அவர் மனத்தில் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது கண்ணெதிரே தெரிகிறது. பிறகு, ஓய்வும் எடுத்துக்கொண்டு அன்பாகவும் இருந்த ஒருவரை, அவரும் சிகிச்சையாளரும் சேர்ந்து அவர் நினைவிலிருந்தே தேடுகிறார்கள். மதிப்பைப் பறிக்காமல் முடிச்சை மட்டும் அவிழ்க்கும் இந்த நிதானமே என்னை மிகவும் ஈர்க்கிறது. இருப்பினும், கியெம் ஃபெயிக்சாஸ் குழுவினர் 128 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில் முரண்மையச் சிகிச்சை பெற்றவர்கள், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்கள் என இரு பிரிவினரும் முன்னேறினர். ஒன்று மற்றதை விஞ்சவில்லை. ஆகவே சராசரியை வைத்து இதை உயர்த்திப் பேச இடமில்லை.

லெஸ்லி கிரீன்பெர்க்கின் உணர்வுமையச் சிகிச்சையில், ஒருவருக்குள்ளேயே இருக்கும் குற்றஞ்சாட்டும் குரலும் அதற்கு ஆளாகும் குரலும் இரு நாற்காலிகளில் மாறி மாறி அமர்ந்து பேசுகின்றன. பெரியவர்களை எதிர்த்துப் பேசாமல் வளர்ந்தவர்களுக்குத் தொடக்கத்தில் இது கூச்சம் தரலாம். அழுகையை அடக்கியே பழகியவருக்கு இதுவே வாயிலாகவும் அமையலாம்.

சிங்கப்பூரில் இவற்றுள் தெரிவு செய்வோர், முறையின் பெயரைவிட, தாம் தமிழில் சொல்லும் 'கடமை', 'சுயநலம்' போன்ற சொற்களை அவற்றின் கனத்தோடு புரிந்துகொள்ளும் சிகிச்சையாளர் கிடைப்பாரா என்று முதலில் கேட்பது நலம். பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மருத்துவரிடம் பேசித் தொடங்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தாலோ, உண்ணவும் உறங்கவும் இயலாத நிலை வந்தாலோ, உள்முரணை ஆராய்வது பிறகு. உடனடி மருத்துவ உதவியே முதலில் தேவை.