ஹாலிஃபாக்ஸ்: சீராக்குவதா, சேர்த்துக் கட்டுவதா, அப்படியே விடுவதா?

இரண்டாம் உலகப் போருக்காக பிரிட்டனில் 6,176 ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டினார்கள். போர் முடிந்ததும் அவற்றை உடைத்துப் பழைய இரும்புக்கடைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நினைவுக்கென்று ஒன்றைக்கூட முழுசாக எடுத்து வைக்கவில்லை. கூடவே பறந்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துக்குக் கிடைத்த பெயர் இதற்குக் கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இன்று ஹாலிஃபாக்ஸைப் பார்க்க லண்டனின் ஹெண்டன், கனடாவின் ட்ரெண்டன், யார்க்‌ஷயரின் எல்விங்டன் ஆகிய மூன்று அருங்காட்சியகங்கள் உண்டு. மூன்றும் மூன்று வழியில் போயிருக்கின்றன. இதில் நான் ஹெண்டன் கட்சி.

ஹெண்டனில் இருப்பது டபிள்யூ 1048 என்ற எண் கொண்ட விமானம். 1942 ஏப்ரல் 27 இரவு, நார்வேயின் ட்ரோன்ட்ஹெய்ம் அருகே ஒளிந்திருந்த ஜெர்மன் போர்க்கப்பல் டிர்பிட்ஸைத் தாக்கப் போனது. அதுதான் அதன் முதல் தாக்குதல் பயணம். அடிபட்டு, உறைந்து கிடந்த ஹோக்லிங்கன் ஏரியின் பனிமேல் வயிற்றால் சறுக்கி இறங்கியது. கணுக்கால் முறிந்த எஞ்சினியர் பிடிபட்டார். மற்றவர்கள் ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். பிறகு பனி உடைந்து விமானம் மூழ்கியது. 1973இல் அதை மேலே எடுத்தார்கள். மூக்கிலுள்ள டரட் (சுழலும் துப்பாக்கிக் கூண்டு) போன்ற சிலவற்றைச் சீரமைத்தபின், மிச்சத்தைத் தொடாமல் விடுவது என்று முடிவெடுத்தார்கள். அரித்த தகடு, வெளியே தெரியும் எலும்புக்கூடு என அது அப்படியே நிற்கிறது.

பார்க்க அழகாக இல்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். ஆனால் அதன் வால் பக்கம் போய் நின்று பாருங்கள். ஆரம்பகால ஹாலிஃபாக்ஸ்களின் செங்குத்து வால் துடுப்பு முக்கோண வடிவம். சில நேரங்களில் அதிலுள்ள, விமானத்தைத் திருப்பும் சுக்கான் ஒரு பக்கமாகப் பூட்டிக்கொண்டு விமானம் கட்டுப்பாட்டை இழக்கும். அதில் பல குழுக்கள் செத்தன. பின்னால்தான் பெரிய செவ்வகத் துடுப்பு வந்தது. முதலில் மெர்லின் எஞ்சின், மூன்றாம் மாடலிலிருந்து பெரும்பாலும் ஹெர்குலிஸ். மெர்லின் எஞ்சினோடும் முக்கோணத் துடுப்போடும் போர்க்களத்திலிருந்து நேராக வந்த ஹாலிஃபாக்ஸ் இது ஒன்றுதான். இதில் ஒரு தகட்டை மாற்றினாலும், சரிபார்க்க வேறு மூலம் கிடையாது.

ட்ரெண்டன்காரர்கள் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனார்கள். என்.ஏ. 337, 1945 ஏப்ரலில், போர் முடியச் சில நாட்களே இருக்கும்போது, நார்வே எதிர்ப்புப் படையினருக்கு ஆயுதம் போட்டுவிட்டுத் திரும்புகையில் சுடப்பட்டு மியோசா ஏரியில் விழுந்தது. ஆறு பேரில் பின்பக்கத் துப்பாக்கி வீரர் மட்டும் பிழைத்தார். மற்றவர்கள் அந்தக் குளிர்நீரில் மாண்டார்கள். 1995இல் சுமார் 230 மீட்டர் ஆழத்திலிருந்து விமானத்தைத் தூக்கினார்கள். உப்பில்லாத, கடுங்குளிர் நீர் என்பதால் அலுமினியம் பெரிதாகக் கெடவில்லை. அதன்பின் அதை முழுசாகச் சீராக்கப் பத்து வருட வேலை, பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பு. 2005 நவம்பரில் முடித்தார்கள்.

அந்த உழைப்புக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஒரு ஹாலிஃபாக்ஸில் வழக்கமாகப் பறக்கும் ஏழு பேர் இவ்வளவு இடுக்கில் எப்படி உட்கார்ந்தார்கள் என்பது ட்ரெண்டனில் புரிவது போல ஹெண்டனில் புரியாது. இருந்தாலும் ஒரு மனத்தாங்கல். நசுங்கிய தகட்டைக் கழற்றிப் புதுத்தகடு ரிவெட் அடித்தால், அன்றிரவு குண்டு எங்கே பட்டது, தண்ணீரில் மோதியபோது எந்தச் சட்டம் முதலில் ஒடிந்தது என்ற சாட்சியும் கூடவே போய்விடுகிறது. ஐந்து பேர் செத்த விமானத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

ட்ரெண்டன் வேலைக்கு இன்னொரு ஹாலிஃபாக்ஸும் கை கொடுத்தது. 1944 மே மாதம் பெல்ஜியத்தில் சதுப்பு நிலத்தில் புதைந்த எல்.டபிள்யூ. 682ஐ 1997இல் தோண்டி, உள்ளே இருந்த மூன்று வீரர்களை முறைப்படி அடக்கம் செய்தார்கள். உதவக்கூடிய பாகங்கள் ட்ரெண்டனுக்குப் போயின. மிஞ்சிய அலுமினியத்தை உருக்கி, 2012இல் லண்டன் கிரீன் பார்க்கில் திறந்த குண்டுவீச்சுப் படை நினைவகத்தின் கூரைக்குக் கொடுத்தார்கள். மூன்று வழிகளிலும் சேராத இந்த முடிவை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

எல்விங்டன் கதை வேறு. அவர்கள் கையில் விமானமே இல்லை. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கோழிக்கூண்டாகக் கிடந்த ஹெச்.ஆர். 792இன் உடற்பகுதித் துண்டுதான் தொடக்கம். இறக்கை, ஹாலிஃபாக்ஸை வடிவமைத்த ஹேண்ட்லி பேஜ் நிறுவனத்தின் ஹேஸ்டிங்ஸ் போக்குவரத்து விமானத்திலிருந்து வந்தது. அதன் இறக்கை ஹாலிஃபாக்ஸ் வழி வந்தது என்பதால் பொருந்தியது. ஹெர்குலிஸ் எஞ்சின்கள் பிரான்சிலிருந்து. மிச்சத்தைப் புதிதாகச் செய்தார்கள். 1996 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை, அதை வெளியே உருட்டி வந்தார்கள். போரில் 128 தாக்குதல்கள் பறந்த "ஃப்ரைடே த தர்ட்டீன்த்" (பதின்மூன்றாம் தேதி வெள்ளி) என்ற ஹாலிஃபாக்ஸ் எல்.வி. 907இன் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

இப்படிச் சேர்க்கும்போதுதான் அடையாளம் காணும் வேலை கடினமாகிறது. ஹாலிஃபாக்ஸை ஹேண்ட்லி பேஜ் மட்டும் கட்டவில்லை. இங்கிலிஷ் எலெக்ட்ரிக், ரூட்ஸ், ஃபேரி, லண்டன் பேருந்துகளை நடத்திய நிறுவனம் பங்குபெற்ற கூட்டமைப்பு என்று பல ஆலைகள். உடலைத் தனித்தனிப் பிரிவாகச் செய்து பிறகு இணைப்பார்கள். அதனால் துண்டு கிடைத்தால் முதலில் தேடுவது பாக எண்ணையும், ஆலை ஆய்வாளர் அடித்த முத்திரையையும்தான். அது இல்லையென்றால் சட்டங்களின் இடைவெளி, ரிவெட் வரிசை, உட்புறப் பெயிண்ட் இவற்றை வரைபடத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஹெச்.ஆர். 792 மெர்லின் பூட்டிய இரண்டாம் மாடல். இன்று ஹெர்குலிஸ் பூட்டிய மூன்றாம் மாடலின் உடம்புக்குள் இருக்கிறது.

இதை மோசடி என்பவர்களோடு நான் சேர மாட்டேன். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. எல்விங்டனிலிருந்து போரின் பிற்பகுதியில் பறந்தவை, ஜெர்மனியை எதிர்த்துப் போரிட்ட சுதந்திர பிரான்சின் ஹாலிஃபாக்ஸ் படைப்பிரிவுகள். அந்த மண்ணில் ஒரு ஹாலிஃபாக்ஸ் நிற்பதற்கு நியாயம் இருக்கிறது. மூலம் இல்லாத இடத்தில் கட்டி எழுப்பலாம், மூலம் இருக்கும் இடத்தில் கை வைக்காதே என்பதே என் கணக்கு. அந்தக் கணக்கில் ட்ரெண்டனோடுதான் எனக்கு வழக்கு, எல்விங்டனோடு இல்லை.

ஒன்றைத்தான் பார்க்க நேரம் என்றால் ஹெண்டனுக்குப் போங்கள். உண்மையான எல்.வி. 907ஐ 1945இல் லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் மக்கள் பார்வைக்கு வைத்துவிட்டுப் பிறகு உடைத்துப் போட்டார்கள். அதன் மூக்கிலிருந்த ஓவியத் தகடு மட்டும் தப்பியது. அதுவும் ஹெண்டன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்தான் இருக்கிறது.